காயம் தேடிய சட்டம்

1978-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. மகாராட்டிர மாநிலம் சந்திரப்பூர் மாவட்டத்தில் தேசாய்கஞ்ச் என்னும் ஊரின் காவல் நிலையத்தில் 1972 மார்ச் 26 இரவு நடந்த கொடுமையைப் பற்றிய வழக்கு அது. பாதிக்கப்பட்டவர் பெற்றோரை இழந்த பழங்குடிச் சிறுமி. கூலி வேலை செய்து உடன்பிறந்தானோடு வாழ்ந்தவர். வயது 14-க்கும் 16-க்கும் இடையில் இருக்கும் என்றார் மருத்துவர். அவருடைய பெயராலேயே அவ்வழக்கு நாடெங்கும் அறியப்பட்டது. அப்பெயரை இங்கே எழுதவில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை அச்சிடலாகாது என்னும் விதியே அவ்வழக்கு எழுப்பிய அலையில் பிறந்த ஒன்றுதான்.

அன்று நடந்தது இது. சிறுமியைச் சிலர் கடத்திச் சென்றனர் என்று உடன்பிறந்தான் புகார் கொடுத்திருந்தான். எனவே அவளையும், அவள் வேலை செய்த வீட்டாரையும், அவள் மணந்துகொள்ள விரும்பிய இளைஞனையும் காவலர் வரவழைத்து வாக்குமூலம் எழுதிக்கொண்டனர். இரவு மணி பத்தரை ஆயிற்று. எல்லாரும் போகலாம் என்றனர். அவளை மட்டும் இருக்கச் சொன்னார் ஒரு காவலர். உடன் வந்தவர்கள் வாயிலுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே கதவுகள் சாத்தப்பட்டன, விளக்குகள் அணைந்தன. காவலர் ஒருவர் அவளை வன்புணர்ந்தார் என்பதும், தலைமைக் காவலர் அவளிடம் முறைகேடாக நடந்தார் என்பதும் குற்றச்சாட்டு. வெளியே கூட்டம் கூடி ஆரவாரித்தது. சற்று நேரத்தில் அவள் வெளியே வந்தாள். நடந்ததை அப்பொழுதே சொன்னாள்.

சந்திரப்பூர் அமர்வு நீதிமன்றம் 1974-இல் இருவரையும் விடுவித்தது. அவள் முன்னமே ஆண் உறவுக்குப் பழகியவள் என்றும், இசைந்தே நடந்தாள் என்றும், பொய் கூறுகிறாள் என்றும் அந்நீதிமன்றம் கருதிற்று. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு 1976-இல் அதை மாற்றியது. முன்பின் அறியாத காவலரிடம், நள்ளிரவை நெருங்கும் வேளையில், புகார் ஒன்றில் சிக்கி நிற்கும் சிறுமி தானே விரும்பிச் செல்வாளா? அச்சத்தால் செயலற்று உடலை விட்டுக்கொடுப்பது வேறு, மனமுவந்து இசைவது வேறு என்றது அந்நீதிமன்றம். ஒருவருக்கு ஐந்தாண்டும் மற்றவருக்கு ஓராண்டும் சிறை விதித்தது. ஆனால் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு இருவரையும் விடுவித்துவிட்டது. மருத்துவச் சோதனையில் அவள் உடலில் காயம் எதுவும் இல்லை; ஆகவே எதிர்த்துப் போராடினேன் என்று அவள் சொன்னது பொய்; கையைப் பிடித்து இழுத்தபோது அருகில் நின்றவர்களைக் கூவி அழைக்கவில்லை; ஆகவே இசைந்தாள். தீர்ப்பின் சாரம் இவ்வளவே. அச்சத்தைப் பற்றியும் நீதிபதிகள் பேசினர். ஆனால் கொன்றுவிடுவான் அல்லது காயப்படுத்துவான் என்னும் அச்சத்தையே சட்டம் பொருட்படுத்துகிறது, அதற்குச் சான்றில்லை என்று முடித்தனர். சீருடையின் அச்சம், பூட்டிய கதவின் அச்சம், ஏழை என்னும் அச்சம் அவர்களுடைய கணக்கில் ஏறவில்லை.

இந்தக் காயக் கணக்கு அந்த மூன்று நீதிபதிகளிடம் தொடங்கியதன்று. அது மிக நீண்ட வரலாறு உடையது.

13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சட்டங்களைத் தொகுத்த பிராக்டன், வன்முறைக்கு ஆளான பெண் செய்யவேண்டியவற்றை முறைப்படுத்திக் கூறுகிறார். அவள் உடனே அருகிலுள்ள ஊருக்கு ஓடவேண்டும். நம்பத்தகுந்த ஆடவர்களிடம் தன் குருதியையும் கிழிந்த ஆடையையும் காட்டவேண்டும். பின் அரசு அலுவலரிடம் முறையிடவேண்டும். காட்டுவதற்குக் குருதி இல்லாதவள் என்ன செய்வாள்? 17-ஆம் நூற்றாண்டின் தலைமை நீதிபதி மாத்யூ ஹேல் இன்னும் ஒரு படி சென்றார். இக்குற்றத்தைச் சாட்டுவது எளிது, மெய்ப்பிப்பது அரிது, குற்றமற்றவன் அதை மறுத்துத் தப்புவது அதனினும் அரிது என்று அவர் எழுதிவைத்தது, அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின் 1736-இல் அச்சேறியது. அதன்பின் பல தலைமுறைகள், இத்தகைய வழக்குகளில் நீதிபதிகள் நடுவர் குழுவினர்க்கு அதையே எச்சரிக்கையாக எடுத்துரைத்து வந்தார்கள். திருட்டுக் கொடுத்தவனைப் பற்றி அவ்வாறு யாரும் எச்சரித்ததில்லை. வழிப்பறிக்கு ஆளானவன் பணப்பையைக் கொடுத்துவிட்டால், அவன் போராடவில்லை, ஆகவே அன்பளிப்பாகக் கொடுத்தான் என்று எந்த நீதிமன்றமும் சொல்லியதாகத் தெரியவில்லை.

1837-இல் மெக்காலே தலைமையில் வரையப்பட்டு 1860-இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 375-ஆம் பிரிவை நேர்மையாகப் படித்தால், அதில் காயம் என்னும் நிபந்தனையே இல்லை. ‘அவளது விருப்பத்துக்கு எதிராக’, ‘அவளது இசைவின்றி’ என்றே அது சொன்னது. அச்சத்தால் தரும் இசைவு இசைவாகாது என்று 90-ஆம் பிரிவு பொதுவிதியாகவே கூறிற்று. சட்ட நூலில் இல்லாத காயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது மனிதர்களின் மனப்பழக்கம்.

சொற்களிலும் அம்மனப்பழக்கம் படிந்து கிடக்கிறது. இலத்தீனில் இக்குற்றத்தின் பெயர் ‘ராப்துஸ்’. கவர்ந்து செல்லுதல் என்பது பொருள். தந்தையின் அல்லது கணவனின் உடைமையை எடுத்துச் சென்றான் என்பதே அதன் உட்கிடை. தமிழிலோ நம் செய்தித்தாள்கள் நெடுங்காலம் ‘கற்பழிப்பு’ என்றே எழுதின. செய்தவனின் குற்றத்தைச் சொல்ல வந்த சொல், பாதிக்கப்பட்டவளின் கற்பு அழிந்துபோயிற்று என்று அறிவித்துவிடுகிறது. ‘வன்புணர்ச்சி’, ‘பாலியல் வன்கொடுமை’ என்னும் சொற்கள் அண்மைக் காலத்தில்தான் அதன் இடத்தைப் பெற்றன. சொல்தானே என்று தள்ளிவிட இயலாது. கற்பு அழியக்கூடிய பொருள் என்று கொண்டால், உயிரைக் கொடுத்தேனும் அதைக் காத்திருக்கவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு உடன் வந்துவிடும். காயமின்றி உயிரோடு திரும்பியவள்மேல் ஐயமும் வந்துவிடும்.

இவ்விடத்தில் திருச்சபையின் மரபு என்ன சொல்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. அது ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். மண ஒப்பந்தமான பெண்ணைப் பற்றிய விதி அது. நகருக்குள் நிகழ்ந்திருந்தால் அவள் உதவி கேட்டுக் கூவியிருக்கவேண்டும், கூவாதவளும் தண்டனைக்குரியவள். இதை மட்டும் படிப்பவர்க்கு 1978-இன் தீர்ப்பு நினைவுக்கு வரும். ஆனால் அடுத்த வசனங்கள் வேறு திசையில் செல்கின்றன. வயல்வெளியில் நிகழ்ந்திருந்தால் அவள்மேல் எக்குற்றமும் இல்லை; ஒருவன் பிறன்மேல் பாய்ந்து கொல்வதைப் போன்றது அது; அவள் கூவியிருப்பாள், காப்பாற்ற ஒருவருமில்லை என்று சட்டமே அவள் பக்கம் நின்று கொள்கிறது. காயத்தைக் காட்டு என்று கேட்கவில்லை. சாட்சி எங்கே என்று கேட்கவில்லை. உதவி எட்டாத இடம் என்பதே போதும். அப்படியானால், நள்ளிரவில் கதவு பூட்டிய காவல் நிலையம் நகரா, வயல்வெளியா? வெளியே மனிதர்கள் நின்றார்கள் என்பது உண்மை. ஆனால் காவலரிடமிருந்து காப்பாற்றக் காவலரைத்தானே அழைக்கவேண்டும்?

சாமுவேல் இரண்டாம் நூலின் தாமாரை எண்ணிப் பாருங்கள். ‘வேண்டாம்’ என்று அவள் தெளிவாகவே சொன்னாள், காரணங்களையும் அடுக்கினாள். அம்னோன் கேட்கவில்லை, அவளைவிட வலிமை உள்ளவனாய் இருந்தான். அதன்பின் அவள் ஆடையைக் கிழித்துக்கொண்டு, தலையில் சாம்பலிட்டு, அழுதுகொண்டே போனாள். உடன்பிறந்தான் அப்சலோம் அவளை அமைதியாய் இருக்கச் சொன்னான். தாவீது சினந்தார், வேறொன்றும் செய்யவில்லை. அரசரின் இல்லத்திலேயே அவ்வளவுதான் நீதி. தானியேல் நூலின் சூசன்னா வரலாற்றிலோ, பெரியோர் இருவரின் சொல்லை நம்பிய சபை அவளுக்குச் சாவைத் தீர்ப்பிட்டுவிட்டது. இளைஞரான தானியேல் செய்ததெல்லாம், கேள்வியைத் திசை திருப்பியதுதான். சூசன்னாவின் நடத்தையை ஆராயாமல், குற்றம் சாட்டியவர்களைத் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் என்று கேட்டார். நம் நாட்டிலோ, பாதிக்கப்பட்ட பெண் பொதுவாக ஒழுக்கக்கேடானவள் என்று காட்டி அவள் சாட்சியத்தைத் தகர்க்க எதிர்த்தரப்புக்கு இடமளித்த 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 155-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, 2002-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால்தான் நீக்கப்பட்டது.

கி.பி. 410-இல் அலாரிக்கின் கோத்தியப் படை உரோமையைச் சூறையாடியபோது கிறித்தவப் பெண்கள் பலர், அர்ப்பணிக்கப்பட்ட கன்னியர் உட்பட, வன்முறைக்கு ஆளாயினர். சிலர் அதற்குமுன் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். உயிரோடிருந்தவர்களைப் பிற சமயத்தார் ஏளனம் செய்தனர். கிறித்தவர்கள் சிலரும் அவர்களை எவ்வாறு நோக்குவது என்று தடுமாறினர். புனித அகுஸ்தீனார் ‘கடவுளின் நகர்’ என்னும் பெருநூலைத் தொடங்கியபோது, முதற் பகுதியிலேயே இவர்களுக்காக வழக்காடினார். கற்பு உள்ளத்தின் நற்பண்பு. உள்ளம் இசையாதவரை, உடலின்மேல் பிறன் செய்த எதுவும் அவளைத் தீட்டுப்படுத்தாது என்பது அவருடைய வாதம். உரோமையர் போற்றிய லுக்ரேசியாவை அவர் எடுத்துக்கொண்டு, அவள் குற்றமற்றவளாயின் ஏன் சாகவேண்டும், தன்னைத் தண்டித்துக்கொள்ள அவள் செய்த குற்றம் என்ன என்று கேட்டார். இறந்த ஒருத்தியை அவர் குறுக்கு விசாரணை செய்யும் தொனி இன்று படிப்போர்க்குச் சற்றே உறுத்தும். அவளுள் மறைவான இசைவு இருந்திருக்குமோ என்ற ஐயத்தையும் அவர் வாதத்துக்காகத் தொட்டுச் செல்கிறார். ஆயினும் அவர் எழுதியது உயிரோடிருந்தவர்களின் பக்கம் நின்று. நீ ஏன் சாகவில்லை என்று ஊர் கேட்டபோது, அக்கேள்வியே தவறு என்றார் ஓர் ஆயர். 12-ஆம் நூற்றாண்டில் கிராசியன் திருச்சபைச் சட்டங்களைத் தொகுத்தபோது, வன்முறையால் உள்ளத்தின் கற்பைப் பறிக்க இயலாது என்னும் இக்கருத்தும் அத்தொகுப்பில் இடம்பெற்றது.

அதே நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாந்தர் திருமண வழக்குகள் பற்றி அனுப்பிய ஆணை ஒன்று, என் கருத்தில், பிராக்டனைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. அச்சமோ வற்புறுத்தலோ இருக்கும் இடத்தில் இசைவுக்கு இடமே இல்லை என்று தொடங்குகிறது அது. ஒருவரின் மனத்தை அறியவேண்டுமானால் முதலில் அவருக்கு முழுப் பாதுகாப்பு அளிக்கவேண்டும்; இல்லையேல், வெறுப்பதை விரும்புவதாக அச்சத்தால் சொல்லிவிடக்கூடும் என்கிறது. பெண்ணின் உடலில் காயம் உண்டா என்று கேட்காமல், அவள் அஞ்சாமல் பேசக்கூடிய இடத்தில் இருந்தாளா என்று கேட்ட சட்டம் இது. இன்றும் நம் பங்குகளில் ஓலை வாசிக்குமுன் மணமக்களைத் தனித்தனியே அழைத்து, யாரேனும் உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா என்று குருக்கள் கேட்பது இம்மரபின் தொடர்ச்சி. திருமண மேடையில் தலையசைத்தவள் உண்மையில் இசைந்தவள்தானா என்று இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த மரபு, வன்முறைக்கு ஆளானவளைப் பற்றிய பேச்சில் அந்நுணுக்கத்தைக் கைவிட்டது வருந்தத்தக்கது.

கைவிட்டோமா என்று சிலர் கேட்கலாம். நம் மறையுரைகளை நினைத்துப் பாருங்கள். 1902 சூலை 5-ஆம் நாள் இத்தாலியின் லெ பெரியேரேயில் 11 வயதுச் சிறுமி மரிய கொரெற்றி, தன்னை வற்புறுத்திய இளைஞனுக்கு இணங்காமல் 14 முறை குத்தப்பட்டு, மறுநாள் அவனை மன்னித்து இறந்தாள். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950 சூன் 24 அன்று அவளைப் புனிதையாக உயர்த்தினார். அச்சிறுமியின் உறுதியும் மன்னிப்பும் திருச்சபை போற்றும் செல்வங்கள். ஆனால் இளம் பெண்களின் கூட்டங்களில் அவ்வரலாற்றைச் சொல்லும்போது, ‘சாவைத் தேர்ந்தாள், கற்பை இழக்கவில்லை’ என்று நாம் முடிப்பதுண்டு. அதைக் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருப்பவர்களில், அவ்வாறு ஆளாகி உயிரோடிருக்கும் ஒருத்தி இருக்கக்கூடும். அவளிடம் நாம் சொல்லாமல் சொல்வது என்ன? உன் காயம் எங்கே என்பதுதானே? வலிமை மிக்க அந்த இளைஞன் கத்தியின்றியே அச்சிறுமியை அடக்கியிருந்தால் அவளுடைய புனிதம் குறைந்திருக்குமா? குறைந்திராது என்பதே அகுஸ்தீனாரின் விடை.

தேசாய்கஞ்ச் வழக்குக்குத் திரும்புவோம். தீர்ப்பு வெளிவந்து ஓராண்டு அது பெரும்பாலும் யார் கண்ணிலும் படவில்லை. 1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், இரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். இசைவில் இணக்கம் உண்டு, ஆனால் இணங்குவதெல்லாம் இசைவு ஆகாது என்னும் அடிப்படை வேறுபாட்டை நீதிமன்றம் மறந்துவிட்டது என்பது அவர்களுடைய முறையீடு. உச்ச நீதிமன்றத்தின் தவறு என்று வெளிப்படையாகச் சொல்லுதல் அந்நாளில் எளிய செயலன்று. 1980-இல் பல நகரங்களில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அவ்வாண்டே சட்ட ஆணையம் தன் 84-ஆம் அறிக்கையில் ‘தடையற்ற, தானே முன்வந்து தரும் இசைவு’ என்று சட்டத்தில் எழுதப் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அச்சொற்களை ஏற்கவில்லை. ஆனால் வேறொன்றைச் செய்தது. 1983-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், சாட்சியச் சட்டத்தில் 114-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. காவலர், அரசு ஊழியர், சிறை அல்லது மருத்துவமனை அலுவலர் போன்றோரின் பிடியில் இருந்த பெண்ணோடு உறவு நிகழ்ந்தது மெய்ப்பிக்கப்பட்டு, நான் இசையவில்லை என்று அவள் நீதிமன்றத்தில் சொன்னால், இசையவில்லை என்றே நீதிமன்றம் கொள்ளவேண்டும். மாறாக மெய்ப்பிப்பது அவனுடைய பொறுப்பு. காவல் நிலையம் வயல்வெளிதான் என்று மூவாயிரம் மைல்களுக்கும் பல நூற்றாண்டுகளுக்கும் அப்பால் மற்றொரு சட்டம் ஒப்புக்கொண்டது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள் 1983 டிசம்பர் 25. தேசாய்கஞ்ச் சிறுமிக்கு அதனால் பயனில்லை; அவர் வழக்கு முடிந்துவிட்டிருந்தது.

அதிகாரத்தின் பிடி எத்தகையது என்பதை நம் மண்ணே 1992-இல் கண்டது. தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தியில் சூன் 20 அன்று சந்தன மரம் தேடிச் சென்ற வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊரையே சூறையாடினர். பழங்குடிப் பெண்கள் 18 பேர் வன்புணரப்பட்டனர். 2011 செப்டம்பர் 29 அன்று அமர்வு நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களுள் 17 பேர் வன்புணர்ச்சிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இடையில் கழிந்தது 31 ஆண்டுகள்.

இலங்கை, 1995-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே, இசைவின்மையை மெய்ப்பிக்க உடற்காயம் போன்ற எதிர்ப்பின் சான்றுகள் இன்றியமையாதவை அல்ல என்று சட்டத்தில் எழுதிவிட்டது. நாம் இன்னும் 18 ஆண்டுகள் காத்திருந்தோம். 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் நீதிபதி வர்மா தலைமையில் அமைந்த மூவர் குழு, ஒரு மாதத்துக்குள் அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இசைவு என்றால் என்ன என்று முதன்முதலாக 375-ஆம் பிரிவிலேயே வரையறுத்தது. சொல்லாலோ சைகையாலோ வேறு வகையாலோ, குறிப்பிட்ட அச்செயலுக்கு ஐயத்துக்கிடமின்றித் தானாக முன்வந்து தெரிவிக்கும் உடன்பாடே இசைவு. உடலால் எதிர்க்கவில்லை என்னும் ஒரே காரணத்தால் இசைந்தாள் எனக் கொள்ளலாகாது. அவள் உறவுக்குப் பழகியவளா என்று பார்க்க மருத்துவர்கள் செய்துவந்த ‘இரு விரல்’ சோதனை பெண்ணின் மாண்புக்கு எதிரானது என்று அதே 2013-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. கூறியும் நிற்கவில்லை. 2022 அக்டோபர் 31 அன்று, இனி அதைச் செய்பவர் முறைகேடு புரிந்தவராவார் என்று அந்நீதிமன்றமே மீண்டும் சொல்ல நேர்ந்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவும் இசைவின் அவ்வரையறையை அப்படியே காத்துள்ளது.

ஓர் இடத்தில் மட்டும் பழைய சட்டம் அசையவில்லை. மனைவி திருமணத்தின்போதே தன்னைத் தந்துவிட்டாள், அதைத் திரும்பப் பெற முடியாது என்பது மாத்யூ ஹேலின் மற்றொரு வாக்கு. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1991-இல் அதைத் தூக்கி எறிந்தது. நம் நாட்டில் 1860-இல் நுழைந்த அவ்விதிவிலக்கு, மனைவியின் வயதை மட்டும் படிப்படியாக உயர்த்திக்கொண்டு, புதிய சட்டத்திலும் தொடர்கிறது. மனைவி 18 வயது நிறைந்தவளாயின் கணவனின் செயல் இக்குற்றம் ஆகாது. தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2022 மே 11 அன்று இதில் மாறுபட்ட தீர்ப்புகள் வழங்க, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. குடும்பத்தின் அமைதி குலைந்துவிடும் என்று இவ்விதிவிலக்கை ஆதரிப்போர் கூறுகின்றனர். நம்மவருள்ளும் அக்கருத்துடையோர் உண்டு. அவர்கள் இரண்டு ஆவணங்களைப் பார்க்கவேண்டும். திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1968-இல் வெளியிட்ட ‘ஹுமானே வித்தே’ சுற்றுமடல், தன் 13-ஆம் எண்ணில், வாழ்க்கைத் துணையின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் மதியாமல் திணிக்கப்படும் தாம்பத்திய உறவு உண்மையான அன்புச் செயல் ஆகாது என்கிறது. கருத்தடையைப் பற்றியே எப்போதும் பேசப்படும் மடல் அது. இவ்வரி அதிகம் வாசிக்கப்படுவதில்லை. மற்றொன்று திருச்சபைச் சட்டத் தொகுப்பு. அதன் 1061-ஆம் சட்டம், மணமக்கள் ‘மனித முறையில்’ கூடினாலன்றித் திருமணம் நிறைவுற்றதாகாது என்கிறது. பழைய 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இல்லாத சொற்கள் அவை. அத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது 1983 நவம்பர் 27 அன்று, நம் நாட்டின் 114-அ பிரிவுக்குச் சரியாக நான்கு வாரங்களுக்கு முன்.